எங்கள் ஊர்த் தீர்மானம் டெல்லி வரை போக என்ன வழி? (வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்க்காரர்கள் பேசலாம்)

மலையடிவாரம்

எல்லாருக்கும் வணக்கம். அணைக்கட்டு ஒன்றியத்தில் ஒரு மலைக்கிராமப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன். மூன்று வருஷமாக மனதில் கிடப்பதை இங்கே கேட்டுவிடுகிறேன், நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறாவதுக்குப் பக்கத்து ஊருக்குப் போக வேண்டும். வரைபடத்தில் அளந்தால் அந்தப் பள்ளி 2.6 கிலோமீட்டர். நடந்து பார்த்தால் கதையே வேறு. முதலில் பாறைச் சரிவில் இறங்க வேண்டும், கீழே ஓடை, ஓடையைத் தாண்டி மறுபடி ஏற்றம், அப்புறம் ஒரு பலா மரத்தடியில் பிள்ளைகள் எல்லாரும் ஒருமுறை உட்கார்ந்துவிட்டுத்தான் போவார்கள். நான் போன வருஷம் கைப்பேசியை ஆன் செய்துகொண்டு என் பெண்ணோடு நடந்தேன். 4.3 கிலோமீட்டர் காட்டியது, ஒரு மணி பத்து நிமிஷம் ஆனது. ஐப்பசி, கார்த்திகையில் ஓடையில் தண்ணீர் வந்துவிட்டால் இரண்டு பக்கமும் அம்மாக்கள் நின்று கையைக் கோத்துப் பிள்ளைகளைக் கடத்திவிடுவோம். அந்த மாதங்களில் பெண் பிள்ளைகள் பாதி நாள் வீட்டில்தான்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வண்டிக் காசு கொடுக்க, மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து பணம் போடும் சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்திலேயே இடம் இருக்கிறது. நாங்கள் கல்வி அலுவலகத்தில் கேட்டோம். 3 கிலோமீட்டருக்குள் பள்ளி இருப்பதால் பட்டியலில் வராது என்றார்கள். யார் அளந்தது என்று கேட்டேன். மேப்பில் வருகிறது என்றார்கள். மூன்று முறை குழுவில் தீர்மானம் போட்டுத் தீர்மான நோட்டில் எல்லாரும் கையெழுத்துப் போட்டோம், எழுதத் தெரியாத இரண்டு அம்மாக்கள் கைநாட்டு வைத்தார்கள். அந்த அதிகாரி அம்மா நல்லவர், எங்களை உட்கார வைத்துத்தான் பேசினார். "விதி மேலே இருந்து வருதும்மா, என் கையில என்ன இருக்கு" என்றார். மேலே என்றால் எது? மாவட்டத்தில் கேட்டால் சென்னை என்கிறார்கள், சென்னையில் ஒரு தெரிந்தவர் மூலம் விசாரித்தால் டெல்லி நார்ம் என்கிறார்கள்.

சரி, டெல்லி என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் மாதிரி குழு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒரு ஹெச்எம், இவர்கள் சொல்வது அந்த விதி எழுதுகிறவர்கள் காதில் விழ நிரந்தரமான வழி ஏதாவது இருக்கிறதா? விதி அங்கே எழுதப்படுகிறது, ஓடையைத் தாண்டுவது நாங்கள். நடுவில் இருப்பவர்கள் எல்லாரும் கையை மேலே காட்டுகிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குடியாத்தம் தறி

அக்கா, உங்கள் கஷ்டம் புரிகிறது, ஆனால் டெல்லிக்கு நேராகப் போகும் யோசனையில் எனக்கு உடன்பாடு இல்லை. கல்வி முதலில் மாநிலப் பட்டியலில்தான் இருந்தது. நெருக்கடி நிலை காலத்தில், 1976-ல் 42-வது திருத்தம் கொண்டுவந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றினார்கள். அதற்கு எந்த ஊர் பெற்றோரையும் கேட்கவில்லை. அன்றிலிருந்துதான் "மேலே இருந்து வருது" என்ற வார்த்தை நம் பள்ளிக்கூடங்களில் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது.

எங்கள் ஊர்க்காரன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். 1954-ல் காமராசர் முதல்வரானபோது சட்டமன்றத்துக்கு நின்று ஜெயித்தது குடியாத்தம் தொகுதியில். அதே வருஷம் அரை நாள் பள்ளி, அரை நாள் குலத்தொழில் என்ற திட்டம் கைவிடப்பட்டது. அப்புறம் ஊர் ஊராகப் பள்ளி திறந்தது, மதிய உணவு வந்தது. என் தாத்தா தறிக்குழியில் இருந்து எழுந்து பள்ளிக்குப் போனது அந்தக் காலத்தில்தான். முடிவெடுக்கிறவர் நம் தொகுதியில் நடந்து வந்து ஓட்டுக் கேட்கும் தூரத்தில் இருந்தார். தூரம் கூடக் கூட, கேட்கிறவர் குறைவார். நீங்கள் நெருங்க வேண்டியது சென்னையை. டெல்லிக்கு ஒவ்வொரு ஊராட்சியும் தனித்தனியாகக் கடிதம் போட ஆரம்பித்தால், மாநிலம் எதற்கு நடுவில் என்று அவர்களே கேட்பார்கள்.

ஓய்வு ஹெச்எம்

இருவருக்கும் வணக்கம். 31 வருஷம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன், அதில் 14 வருஷம் தலைமையாசிரியர். நம் சொல் டெல்லிக்குப் போவதே இல்லை என்று நினைக்காதீர்கள். வருஷா வருஷம் போகிறது. எண்ணாகப் போகிறது.

ஒவ்வொரு பள்ளிக்கும் யுடைஸ் எண் ஒன்று உண்டு, 11 இலக்கம். முதல் இரண்டு இலக்கம் மாநிலம், நமக்கு 33. அடுத்து மாவட்டம், ஒன்றியம், ஊர், கடைசியில் பள்ளி. அந்த எண்ணின் கீழ் வகுப்பறை எத்தனை, ஆசிரியர் எத்தனை, கழிப்பறை எத்தனை, சுற்றுச்சுவர் உண்டா, எல்லாம் ஹெச்எம் நிரப்பித் தர வேண்டும். டெல்லியில் உட்கார்ந்து ஒருவர் அணைக்கட்டு ஒன்றியத்தைப் பார்ப்பது அந்தக் கட்டங்கள் வழியாகத்தான்.

நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளியில் கழிப்பறை புதிதாகக் கட்டியிருந்தார்கள். படிவத்தில் கேள்வி: பயன்பாட்டில் உள்ளதா? தண்ணீர்க் குழாய் வரவில்லை. ஆனால் எங்கள் சத்துணவு ஆயா தினமும் காலை எட்டரைக்கே வந்து, கிணற்றில் இருந்து நான்கு குடம் தூக்கி வந்து தொட்டியில் ஊற்றிவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைப்பார். அதனால் பிள்ளைகள் பயன்படுத்தினார்கள். நான் "ஆம்" என்று போட்டேன். பொய் இல்லை. ஆனால் அந்த "ஆம்" மேலே போனபோது நான்கு குடமும் அந்த அம்மாவின் முதுகுவலியும் அதில் போகவில்லை. அடுத்த வருஷத் திட்டத்தில் எங்கள் பள்ளிக்குத் தண்ணீர் வசதி வரவில்லை, ஏனென்றால் கணக்குப்படி எங்களுக்குக் குறை இல்லை. "இல்லை" என்று போட்டிருக்க வேண்டுமோ என்று இன்றும் நினைப்பேன்.

அம்மா, உங்கள் 2.6 கிலோமீட்டரும் இதே மாதிரிதான். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. கட்டம் சின்னது, அதில் ஓடை அடங்காது.

ஆனால் விதியைச் சரியாகப் படிக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது, நடைமுறை 2010 ஏப்ரல் 1 முதல். அந்த வருஷமே வந்த மத்திய விதிகளில் ஐந்தாவது வரை 1 கிலோமீட்டர், எட்டாவது வரை 3 கிலோமீட்டர் என்று இருப்பது உண்மை. அது நடக்கும் தூரம், காக்கை பறக்கும் தூரம் இல்லை. அதற்கு அடுத்தாற்போல் இன்னொன்றும் இருக்கிறது: கரடுமுரடான நிலம், மண்சரிவு, வெள்ளம், சாலை இல்லாமை, சிறு பிள்ளைகளுக்கு வழியில் ஆபத்து, இவை இருந்தால் அந்தத் தூர வரம்பைக் குறைத்துப் பள்ளி அமைக்க வேண்டும். அதாவது உங்கள் ஓடைக்கு டெல்லி விதியிலேயே இடம் இருக்கிறது. உங்களுக்கு அதைச் சொன்னவர் இல்லை, அவ்வளவுதான்.

மலையடிவாரம்

சார், இதைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு இரண்டு முறை படிக்கச் சொன்னேன். மூன்று வருஷமாக "3 கிலோமீட்டர்" என்ற ஒரே வார்த்தையைத்தான் எங்களிடம் சொன்னார்கள்.

ஓய்வு ஹெச்எம்

இன்னொன்றையும் சேர்த்துப் படியுங்கள் அம்மா. அந்தச் சட்டத்தின் 9-வது பிரிவு உள்ளாட்சி அமைப்பின் கடமைகளைச் சொல்கிறது. பக்கத்திலேயே பள்ளி இருப்பதை உறுதி செய்வது, எல்லைக்குள் இருக்கும் 14 வயது வரையான பிள்ளைகளின் பதிவை வைத்திருப்பது எல்லாம் அதில் வரும். 73-வது திருத்தத்தோடு வந்த 11-வது அட்டவணையில் ஊராட்சிகளுக்கு உரிய 29 விஷயங்களில் 17-வது, தொடக்க, உயர்நிலைப் பள்ளிக் கல்வி. ஊராட்சித் தலைவர் வந்து கேட்டால் அது சலுகை கேட்பது ஆகாது, சட்டம் அவர் தலையில் வைத்த வேலையை அவர் செய்கிறார். நம் மாவட்டத்தில் எத்தனை தலைவர்களுக்கு இது தெரியும்? தெரு விளக்கு, குடிநீர், நூறு நாள் வேலை, இதிலேயே அவர்கள் நாள் போய்விடுகிறது. அவர்களைக் குறை சொல்லவில்லை, பள்ளி விஷயத்தில் அவர்களை யாரும் கூப்பிட்டுப் பேசியதில்லை.

பேரணாம்பட்டு அக்கா

நானும் ஒன்று சேர்க்கிறேன். எங்கள் பக்கம் தோல் ஷெட்டும் பீடியும்தான் பிழைப்பு. பீடித் தொழிலாளி பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் உதவித்தொகை தருகிறது, எல்லாருக்கும் தெரியும். தேசிய உதவித்தொகை தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். முதலில் பள்ளி சரிபார்க்கும், அப்புறம் தொழிலாளர் துறை சரிபார்க்கும், பணம் நேராக வங்கிக்கு வரும்.

எங்கள் தெருவில் ஓர் அம்மா, தினம் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு இலை வெட்டுவார், விரல் நுனியெல்லாம் புகையிலைக் கறை. பீடி அட்டையில் அவர் பெயருக்கு முன்னால் கணவர் பெயரின் முதல் எழுத்து, ஆதாரில் அப்பா பெயரின் முதல் எழுத்து. ஒரு எழுத்துதான் வித்தியாசம். விண்ணப்பம் திரும்பி வந்தது. வகுப்பு டீச்சர் அந்த அம்மாவை ஐந்து வருஷமாகத் தெரிந்தவர், அவரே சரிபார்த்து அனுப்பியிருக்கிறார். ஆனால் "இந்த அம்மாவும் அந்த அம்மாவும் ஒரே ஆள்தான்" என்று எழுத அந்தத் தளத்தில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பையன் இப்போது எட்டாவது, இரண்டு வருஷப் பணம் போனது போனதுதான்.

2022-ல் இன்னொன்று. சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு ஒன்றாவதில் இருந்து வந்துகொண்டிருந்த உதவித்தொகையை இனி 9, 10 வகுப்புக்கு மட்டும் என்று மாற்றினார்கள். எட்டாவது வரை கல்வி உரிமைச் சட்டத்திலேயே இலவசம் என்பது அவர்கள் சொன்ன காரணம். அறிவிப்பு வந்தது நவம்பர் கடைசியில், பெற்றோர்கள் வருமானச் சான்றுக்கு அலைந்து விண்ணப்பம் போட்டு முடித்த பிறகு. பேரணாம்பட்டில் ஒரு ஹெச்எம்மைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்: படிப்பு இலவசம்தான், ஆனால் ஆறாவது படிக்கிற பையன் ஷெட்டில் போய் நின்றால் வீட்டுக்குக் காசு வரும், அந்த உதவித்தொகை அவனைப் பள்ளியில் பிடித்து வைத்திருந்தது என்று. முடிவெடுக்கும் முன்னால் கேட்க ஒரு வழி வேண்டும் என்று மலையடிவாரம் அக்கா சொல்வது இதற்குத்தான் பொருந்தும்.

காட்பாடி ஜங்ஷன்

வழி இருக்கிறது, யாரும் அதன் பக்கம் போவதில்லை. திஷா என்று ஒரு குழு, மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்பு மற்றும் கண்காணிப்புக் குழு. 2016-ல் அமைத்தார்கள். தலைவர் மக்களவை எம்.பி., உறுப்பினர் செயலர் ஆட்சியர். மத்திய அரசுப் பணம் வரும் திட்டங்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும். சமக்ர சிக்ஷாவும் மதிய உணவும் அதில் வரும். எம்.எல்.ஏ.க்கள், நகராட்சித் தலைவர்கள், ஊராட்சித் தலைவர்கள் சிலர் உறுப்பினர்கள். ஊர்க்காரரும் டெல்லியில் பேசக்கூடியவரும் ஒரே மேசையில் உட்காரும் இடம் மாவட்டத்திலேயே இது ஒன்றுதான்.

ஆனால் அங்கே பேசப்படுவது பெரும்பாலும் வீடு, சாலை, குடிநீர். பள்ளி என்று வந்தால் "இலக்கு, சாதனை, சதவீதம்" என்று ஒரு தாள் படிப்பார்கள், அடுத்த தலைப்புக்குப் போய்விடுவார்கள். யாராவது ஓர் ஊராட்சித் தலைவர் "எங்கள் ஊரில் அந்தச் சதவீதம் எப்படி வந்தது" என்று கேட்டால்தான் அந்தத் தாள் உயிர் பெறும்.

இதில் நம் பக்கம் ஒரு குழப்பம், அதையும் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது காட்பாடி, வேலூர் மாவட்டம். ஆனால் எங்கள் சட்டமன்றத் தொகுதி அரக்கோணம் மக்களவைத் தொகுதியில் வருகிறது. வேலூர் எம்.பி.க்கோ வேலூர், அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தத்தோடு ஆம்பூர், வாணியம்பாடியும் உண்டு, அவை 2019 நவம்பர் 28-ல் திருப்பத்தூர் மாவட்டமாகப் பிரிந்தவை. திருப்பத்தூரும் ஜோலார்பேட்டையும் திருவண்ணாமலை மக்களவைத் தொகுதியில். பழைய வட ஆற்காடு பல துண்டாகிவிட்டது, மாவட்டக் கோடு ஒரு பக்கம், தொகுதிக் கோடு இன்னொரு பக்கம். மனு எழுதுகிறவர் முதலில் தன் எம்.பி. யார், எந்த மாவட்டத் திஷாவில் அவர் உட்காருகிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தவறான எம்.பி.யிடம் கொடுத்த மனு மேசை மாறி மாறிக் காணாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

முன்பெல்லாம் கல்வி என்று எம்.பி. வீட்டு வாசலில் நின்றவர்கள் பெரும்பாலும் கேந்திரிய வித்யாலயா சீட்டுக்காகத்தான் நின்றார்கள், ஒரு எம்.பி.க்கு 10 சீட்டு. 2022-ல் அதை எடுத்துவிட்டார்கள். நல்லதாகப் போயிற்று, இனி அந்த வாசலில் பள்ளிக் கொள்கையைப் பற்றிப் பேசலாம்.

குடியாத்தம் தறி

காட்பாடி சார், நீங்கள் சொல்வது எல்லாம் நன்றாக ஓடும் காலத்துக்குச் சரி. இப்போது என்ன நடந்தது என்று பாருங்கள். சமக்ர சிக்ஷாவில் மத்திய அரசு 60, மாநிலம் 40. 2024-25-க்குத் தமிழ்நாட்டுக்கு ஒப்புக்கொண்ட மத்தியப் பங்கு 2,152 கோடி. பி.எம். ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு தேசியக் கல்விக் கொள்கையை ஏற்றால்தான் பணம் என்று நிறுத்தினார்கள். 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது. மாநில அரசே வழக்குப் போட்டுத்தான் பேச முடிகிறது என்றால், ஓர் ஊராட்சித் தலைவர் மனு என்ன ஆகும்?

என் பயம் இதுதான்: நம் ஊர்க் குறையை டெல்லிக்கு எழுதினால், "பாருங்கள், மாநிலம் சரியாகச் செய்யவில்லை" என்று அதை எடுத்துப் பயன்படுத்துவார்கள். ஓடை தாண்டுகிற பிள்ளை இரண்டு பேர் சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும்.

பேரணாம்பட்டு அக்கா

தம்பி, அந்தப் பிள்ளை இப்போதே மாட்டிக்கொண்டுதான் இருக்கிறது. பணம் நின்ற வருஷத்தில் பாதிப்பு யாருக்கு என்று இங்கிருந்து எத்தனை பேர் எழுதினோம்? மாநிலம் வழக்கில் சொன்னது கோடிக் கணக்கு. எங்கள் வட்டார வள மையத்துக்கு வாரத்தில் ஒருநாள் தசைப்பயிற்சிக்குத் தூக்கி வரும் மாற்றுத்திறன் பிள்ளைகள் இருக்கிறார்கள், அந்தச் செலவும் இதே திட்டத்தில்தான் வருகிறது. அந்த அம்மாக்கள் எழுதினால் மாநிலத்தின் வாதத்துக்கு அது பலம்தானே. நம் ஊர்க் குரல் மாநிலத்துக்கு எதிராகத்தான் இருக்கும் என்று ஏன் நினைக்கிறீர்கள்?

குடியாத்தம் தறி

அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை அக்கா. ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு நகல் சென்னைக்குப் போகாமல் எதுவும் டெல்லிக்குப் போகக் கூடாது, அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கோட்டை வாசல்

வழக்கறிஞர், வேலூர் நீதிமன்றத்தில் தொழில். நீண்ட நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எனக்குத் தெரிந்த மூன்று விஷயங்களைச் சொல்கிறேன்.

நாடாளுமன்றத்தில் கல்வி, மகளிர், குழந்தைகள், இளைஞர், விளையாட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு நிலைக்குழு இருக்கிறது. ஒரு பொருளை எடுத்து ஆராயும்போது பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்பார்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம், பள்ளி மேலாண்மைக் குழு எழுதலாம். ஆங்கிலத்தில் அல்லது இந்தியில் கேட்கிறார்கள், அவகாசமும் குறைவு. இங்கேதான் நம் ஆட்கள் தோற்றுப்போகிறார்கள். அணைக்கட்டில் ஒரு குழு கூடி, தமிழில் எழுதி, மொழிபெயர்க்க ஆள் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் தேதி முடிந்துவிடும். 2019-ல் தேசியக் கல்விக் கொள்கை வரைவு வந்தபோதும் இதுதான் நடந்தது. கிட்டத்தட்ட 500 பக்கம், முதலில் வந்தது இந்தியும் ஆங்கிலமும். ஜூன் 30 வரை என்றார்கள், சத்தம் போட்ட பிறகு ஜூலை 31 வரை நீட்டினார்கள். அடுத்த வருஷம் ஜூலை 29-ல் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது, இரண்டரை லட்சம் கிராம ஊராட்சிகள், 6,600 ஒன்றியங்கள், 676 மாவட்டங்களில் இருந்து இரண்டு லட்சத்துக்கும் மேல் கருத்துகள் வந்ததாக அரசு சொன்னது. அந்த இரண்டரை லட்சத்தில் உங்கள் ஊராட்சியும் கணக்கில் உண்டு. கூட்டம் நடந்த ஞாபகம் யாருக்காவது இருந்தால் சொல்லுங்கள், நான் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

இரண்டாவது, கேள்வி. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்வி (அவையிலேயே வாய்மொழியாகப் பதில் வருபவை), 230 நட்சத்திரமற்ற கேள்வி. எம்.பி. 15 நாள் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும், குலுக்கலில் வர வேண்டும். நட்சத்திரமற்ற கேள்விக்கு எழுத்தில் பதில் கட்டாயம். "மலைப்பகுதியில் பள்ளித் தூரம் நடைபாதையாக அளக்கப்படுகிறதா, வரைபடத்தில் அளக்கப்படுகிறதா" என்று ஒரே வரியில் கேள்வியைத் தயாரித்து உங்கள் எம்.பி. கையில் கொடுங்கள். பதில் வந்துவிட்டால் அது அரசு ஆவணம். அப்புறம் எந்த அலுவலகத்திலும் "மேலே இருந்து வருது" என்று சொல்ல முடியாது, மேலே இருப்பவர் சொன்னது உங்கள் கையில் இருக்கும்.

மூன்றாவது, பணம் முடிவாகும் நேரம். சமக்ர சிக்ஷாவுக்கு ஆண்டுத் திட்டம் மாவட்டத்தில் இருந்து மாநிலத்துக்கும், அங்கிருந்து டெல்லியில் திட்ட ஒப்புதல் வாரியத்துக்கும் போகிறது. அந்த வாரியம் கூடிப் பேசிய நடவடிக்கைக் குறிப்பை இணையத்திலேயே போடுகிறார்கள். எந்த மாநிலம் என்ன கேட்டது, எதற்கு எவ்வளவு ஒப்புக்கொண்டார்கள் என்று அதில் பார்க்கலாம். நிதியாண்டு தொடங்கும் முன்னால் மாவட்டத் திட்டத்தில் உங்கள் பெயர் ஏறவில்லை என்றால் சென்னையும் டெல்லியும் விரும்பினாலும் ஒன்றும் செய்ய முடியாது. குழுத் தீர்மானம் எல்லாம் ஜூன், ஜூலையில் சுறுசுறுப்பாகப் போடுகிறோம். வேண்டியது டிசம்பருக்குள்.

பெயர் வேண்டாம் (ஆசிரியர்)

இப்போது பணியில் இருப்பவன், அதனால் பெயர் போடவில்லை. எல்லாரும் ஹெச்எம் சொல்லட்டும், டீச்சர் எழுதட்டும் என்கிறீர்கள். அரசு ஊழியர் நடத்தை விதிகள் இருக்கும்போது அரசின் கொள்கையைப் பற்றி நான் எம்.பி.க்குக் கடிதம் எழுதினால் எனக்கு மெமோ வரும். பெற்றோர் எழுதலாம், ஊராட்சி எழுதலாம், எங்களால் முடியாது. ஆனால் குழுக் கூட்டத்தில் பேசுவது எங்கள் வேலையின் பகுதி. அங்கே நான் சொன்னதை நீங்கள் தீர்மானமாக எழுதினால் அது குழுவின் வார்த்தை. சட்டப்படி குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதும் வேலையும் 22-வது பிரிவில் குழுவுக்குத்தான் கொடுத்திருக்கிறது. அதை நாங்களே இரவு உட்கார்ந்து எழுதி, காலையில் கையெழுத்து வாங்குவது பல இடத்தில் நடக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். பெற்றோர் உட்கார்ந்து "இதை எழுதுங்க சார், அதை எழுதுங்க சார்" என்று சொல்ல ஆரம்பித்தால் எங்களுக்கு எவ்வளவு தெம்பாக இருக்கும் தெரியுமா?

ஓய்வு ஹெச்எம்

தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஓய்வு பெற்றவர்கள் நாங்கள் எத்தனை பேர் இந்த மாவட்டத்தில் சும்மா இருக்கிறோம்! எங்களுக்கு மெமோ பயம் இல்லை, விதியும் தெரியும், ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதவும் வரும். குழுவுக்கு எழுத்து வேலை நாங்கள் செய்யலாமே.

ஊராட்சித் தலைவர்களைப் பற்றியும் ஒன்று. 2021 அக்டோபரில் புதிதாகப் பிரிந்த ஒன்பது மாவட்டங்களுக்குத் தனியாக ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது, அதில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றும் உண்டு. அதனால்தான் 2025 ஜனவரியில் மற்ற மாவட்டங்களில் தலைவர்கள் பதவி முடிந்து தனி அலுவலர் வந்தபோதும் நம் பக்கம் தேர்ந்தெடுத்த தலைவர்கள் இருந்தார்கள். மக்கள் ஓட்டுப் போட்டு வந்த ஒருவரின் கையெழுத்து மனுவில் இருப்பதற்கும் இல்லாததற்கும் நிறைய வித்தியாசம் உண்டு, அந்தக் கையெழுத்தைக் கேட்டு வாங்குங்கள்.

காட்பாடி ஜங்ஷன்

அப்படியானால் நான் ஒன்று சொல்கிறேன். சங்கம், தலைவர், பொருளாளர் எல்லாம் வேண்டாம். பழைய வட ஆற்காட்டுப் பகுதிக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, அதில் ஒன்றியத்துக்கு இரண்டு குழு உறுப்பினர், ஓர் ஊராட்சித் தலைவர், ஓர் ஓய்வு ஹெச்எம். வருஷத்துக்கு ஒரே ஒரு விஷயம். இந்த வருஷம் தூரம், அடுத்த வருஷம் உதவித்தொகை. ஒரே நேரத்தில் பத்துக் குறை எழுதினால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதில்தான் வரும், "பரிசீலிக்கப்படும்" என்று.

பேரணாம்பட்டு அக்கா

சரி. உதவித்தொகை அடுத்த வருஷம் என்பதில் எனக்கு வருத்தம் இல்லை, மழைக்காலம் முன்னால் வருகிறது. ஆனால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மறக்கக் கூடாது.

மலையடிவாரம்

நேற்று ராத்திரி உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். தப்பு இருந்தால் திருத்துங்கள்.

"எங்கள் ஊரில் இருந்து நடுநிலைப் பள்ளிக்கு வரைபடத்தில் 2.6 கிலோமீட்டர். நடைபாதையில் 4.3 கிலோமீட்டர். வழியில் ஓர் ஓடை உண்டு, பாலம் இல்லை. 6 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகள் 17 பேர், அதில் பெண்கள் 9 பேர். கடந்த மழைக்காலத்தில் இந்த 9 பேரும் பள்ளிக்கு வராத நாட்கள் வருகைப் பதிவேட்டில் இருந்து எடுத்து இணைக்கப்பட்டுள்ளது. கல்வி உரிமை விதிகளில் ஆபத்தான வழிக்குத் தூர வரம்பைக் குறைக்க இடம் இருப்பதால், தூரத்தை நடைபாதையாக அளந்து எங்கள் குடியிருப்பைப் போக்குவரத்து உதவிப் பட்டியலில் சேர்க்கவும், நாடு முழுவதும் மலைப்பகுதிகளில் இப்படியே அளக்க ஆணையிடவும் கேட்டுக்கொள்கிறோம்."

முதலில் கிராம சபையில் வைக்கலாம் என்று தலைவர் சொன்னார். அக்டோபர் 2 தாண்டினால் நவம்பர் 1. அக்டோபர் 2-லேயே வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நகல் மாவட்டத்துக்கு, சென்னைக்கு, எங்கள் எம்.பி.க்கு. குடியாத்தம் தம்பி, சென்னை நகலை இரண்டாவதாகப் போட்டிருக்கிறேன்.

குடியாத்தம் தறி

பார்த்தேன் அக்கா. "நாடு முழுவதும்" என்று எழுதியது நல்லது. ஏலகிரிப் பக்கமும் இதே கஷ்டம் இருக்கும்.

கோட்டை வாசல்

ஆங்கிலத்தில் நான் போட்டுத் தருகிறேன், பணம் எதுவும் வேண்டாம். ஒரே ஒரு திருத்தம்: 4.3 கிலோமீட்டர் என்பதைக் கைப்பேசி அளவு என்று தள்ளிவிடுவார்கள். ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், குழுவில் இரண்டு பேர், இவர்கள் முன்னிலையில் ஒருமுறை அளந்து எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள்.

ஓய்வு ஹெச்எம்

"ஓர் ஓடை" என்று விடாதீர்கள் அம்மா. ஓடைக்கு ஊரில் ஒரு பெயர் இருக்கும், அதை எழுதுங்கள். எந்த மாதத்தில் எத்தனை நாள் தண்ணீர் ஓடுகிறது என்றும் எழுதுங்கள். அளக்கும் அன்று நானும் வருகிறேன், முழங்கால் வலி இருந்தாலும் அந்தச் சரிவை ஒருமுறை இறங்கிப் பார்க்க வேண்டும்.

மலையடிவாரம்

வாங்க சார். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு ஒடுகத்தூரில் காத்திருக்கிறேன், அங்கிருந்து மேலே போக ஜீப்புக்குச் சொல்லியிருக்கிறது. வி.ஏ.ஓ. வருவதாகச் சொல்லிவிட்டார், தலைவரும் வருகிறார். கொத்தனார் ஒருவரிடம் 50 மீட்டர் டேப் கேட்டிருக்கிறேன். பிள்ளைகளில் நான்கு பேர் கூட நடப்பார்கள், எந்த இடத்தில் உட்காருவார்கள், எந்தப் பாறையில் வழுக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஓடையின் பெயர் கேட்டீர்களே, நாங்கள் அதை மான்கால் ஓடை என்போம்.